‘லேது’ சொல்லும் பங்காரம்மா

வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து சாப்பாட்டுப் பையின் அடியில் திணித்தாயிற்று. தாலிக் கயிற்றை உள்ளே தள்ளி, நீலச் சீருடையின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தாயிற்று. மூக்குத்திமேல் ஒரு துண்டு பிளாஸ்திரி. இதெல்லாம் முடிந்த பிறகுதான் பங்காரம்மா கொட்டகைக்குள் கால் வைப்பார். உலோகம் உலோகத்தைக் கீறிவிடக் கூடாது என்பது அங்கே விதி.

“மொட்டக் கையோட இருக்கறது சங்கட்டமாத்தானுங்க இருக்குது. வேல முடிஞ்சு பஸ்ஸேறுனதும் மொத வேலையா மாட்டிக்குவேன். சூலூர் வாரதுக்குள்ள கை நெறஞ்சுரும். ஊட்டுல இருக்கறவங்க என்னைய வெறுங்கையோட பாத்ததே இல்லீங்க.”

விமான நிலையத்தின் பின்மதிலை ஒட்டி நிற்கிறது அந்தப் பெரிய தகரக் கொட்டகை. பயணிகள் விமானங்கள் வயதானபின் சில வருடங்களுக்கு ஒருமுறை இங்கே வந்து சோதனைக்காக உரிபடுகின்றன. இருக்கைகள், தரைவிரிப்பு, கழிவறை, சுவர்ப் பலகைகள் எல்லாம் கழன்று வெளியே போனபின், மஞ்சள் கலந்த பச்சைப் பூச்சுப் பூசிய விலா எலும்புகள் மட்டும் மிஞ்சும். இருக்கை இடுக்குகளில் சிக்கிக் கிடந்த முறுக்குத் துணுக்கு, ஒற்றைக் கம்மல், பால்புட்டி மூடி எல்லாம் ஒரு வாளிக்குப் போய்ச் சேரும். அதற்குப் பிறகு பங்காரம்மாவைக் கூப்பிடுவார்கள்.

விரிசல் தேடுவது அவர் வேலை. கண்ணுக்குத் தெரிகிற விரிசலை யாரும் பார்த்துவிடலாம். அவர் தேடுவது தகட்டுக்கு அடியில் இருக்கும் தகட்டில், தகடுகளைச் சேர்த்து அடித்த ரிவெட் ஆணித் துளையின் விளிம்பில், நகக்கண் அளவுகூட வளராத ஒன்றை. பேனா போன்ற ஒரு முனையை ரிவெட்டின்மேல் வைத்து மெல்லச் சுற்றுவார். கழுத்தில் தொங்கும் பெட்டியின் சிறு திரையில் ஒரு பச்சைப் புள்ளி நகரும். கை நடுங்கினாலும் புள்ளி துள்ளும். விரிசல் இருந்தாலும் துள்ளும். இரண்டும் வேறு வேறு பக்கம் துள்ளும் என்பதுதான் விஷயம். நாள் முழுக்க விரிசல் துள்ளும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

விமானம் மேலே ஏறும்போது ஆட்கள் மூச்சுவிட உள்ளே காற்றை அடைத்து வைக்கிறார்கள். அதன் உடம்பு ஒரு மயிரிழை உப்புகிறது. இறங்கும்போது சுருங்குகிறது. உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி, பல்லாயிரம் தடவைக்குப் பிறகு ஏதோ ஒரு துளையின் ஓரத்தில் உலோகம் சலித்துப்போகிறது. கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் ஓரிடத்தில் ஒடிகிறதல்லவா, அதே கதை.

“வயசக் கேட்டு என்னுங்க பண்றது? எத்தன தடவ ஏறி எறங்குச்சுன்னு கேளுங்க” என்பார் பங்காரம்மா. “வால்பாறை பஸ்ஸும் அவினாசி ரோட்டு பஸ்ஸும் ஒரே நாள்ல வாங்குனதா இருக்கும். ரெண்டும் ஒண்ணாயிருமுங்களா? ஒண்ணு கொண்டை ஊசியில இடுப்ப முறிச்சு முறிச்சு ஏறுனதாச்சே.”

ஒவ்வொரு ரிவெட்டுக்கும் அவர் உதடு அசையும். பக்கத்தில் போனால் கேட்கும்: “லேது… லேது… லேது…” காரமடைப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம் அவருடையது. வெளியே தமிழ் பேசினாலும் இல்லை என்பதை மட்டும் உள்ளுக்குள் தாய் பாஷையில்தான் சொல்லிக்கொள்கிறார். காலையிலிருந்து மாலைவரை கொட்டகையின் ஒரு மூலையில் அந்த முணுமுணுப்பு மின்விசிறிச் சத்தம்போல ஓடிக்கொண்டிருக்கும். யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை. நின்றால் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

பெயர் அப்பாவைப் பெற்றவளுடையது. “பேருலதான் தங்கமுங்க. தொடறது பூராம் அலுமினியம்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பாலிடெக்னிக் முடித்ததும் கல்யாணம். அப்புறம் பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்ப் வார்ப்படத் தொழிற்சாலையில் வார்ப்புகளுக்கு எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அங்கிருந்து பரீட்சை மேல் பரீட்சை எழுதி இங்கே வந்து சேர்ந்தார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆள் ஒல்லி, குட்டை. விமானத்தின் வயிற்றுப் பகுதியில் ஆண்கள் தோள் நுழையாத பொந்துகள் உண்டு. அங்கெல்லாம் அனுப்ப இவர் ஒருவர்தான். குப்புறப் படுத்து, ஒரு கையில் விளக்கும் ஒரு கையில் முனையுமாக, கழுத்தைத் திருகிக்கொண்டு கிடப்பார். வெளியே வந்து நிமிர்ந்ததும் கழுத்தில் ‘மடக்’கென்று ஒரு சத்தம். “எனக்கும் ரிவெட்டு லூசாயிப் போச்சுங்க.”

கணவர் தமிழ்ச்செல்வன் பல்சக்கரம் வெட்டும் பட்டறையில் இருக்கிறார். சாயங்காலம் எத்தனை உருப்படி முடித்தோம் என்று சொல்ல அவருக்கு ஒரு கணக்கு உண்டு. இவருக்கு அது இல்லை. “இல்லாத ஒண்ணத் தேடறதுக்கு என்ற சம்சாரத்துக்குச் சம்பளம் குடுக்கறாங்க” என்று விசேஷ வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைப்பார். பங்காரம்மாவும் சிரிப்பார். இரவு அவர்தான் மனைவியின் கழுத்தில் தைலம் தேய்த்துவிடுகிறவர் என்பதை அந்த வீடுகளில் யாரும் அறியமாட்டார்கள்.

போன வருடம் ஒரு சங்கதி நடந்தது.

ஒரு பழைய விமானம். வயிற்றுப் பொந்துக்குள் ஒரு சட்டத்தின் ஓரத்தில் புள்ளி துள்ளியது. பங்காரம்மா மூன்று விதமாகச் சோதித்தார். சாயம் தடவிப் பார்த்தபோதும் கோடு தெரிந்தது. விரிசல் என்றார். ஷிஃப்ட் பொறுப்பாளர் செங்கோட்டையன் கோபிச்செட்டிபாளையத்துக்காரர், அதிகம் பேசாதவர். அவரும் திரையில் பதிந்ததைப் பார்த்துத் தலையாட்டினார். சட்டத்தை அறுத்தெடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். புதுச் சட்டம் வந்து சேரும்வரை விமானம் அசையாமல் கிடந்தது. விமான கம்பெனியின் சார்பில் இங்கே வந்து தங்கியிருந்த அதிகாரி தினமும் மேலிடத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லி இளைத்துப்போனார். கடைசியில் கூடத்திலிருந்து முடிவு வந்தது. விரிசல் இல்லை. ஆழமான ஒரு கீறல், அவ்வளவுதான்.

செங்கோட்டையன் திட்டவில்லை. “செரி, உடுங்க அம்மணி” என்றார். அந்த அதிகாரியை மட்டும் வடக்கே எங்கோ மாற்றிவிட்டார்கள். போகும்போது அவர் பங்காரம்மாவைக் கும்பிட்டுச் சொல்லிக்கொண்டுதான் போனார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பேச்சு அதற்குப் பிறகு கிளம்பியது. அந்தப் பொந்துக்குள் கைவிட்டவர் அவர் ஒருவர்தானே, அப்படியானால் கீறியது யார்? யாரோ டீக் குடிக்கும் இடத்தில் வளையல் என்று சொல்லியிருக்கிறார்கள். மறுநாளே ‘வளையலக்கா’ என்று பெயர் வந்துவிட்டது. தினமும் வாசலில் வளையலைக் கழற்றுவதைப் பார்க்கிறவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எந்த ஊரில், எந்த வருடம், யார் சுரண்டியில் பட்ட கீறலோ அது. பங்காரம்மா வாதாடவில்லை. “சொன்னா நம்பறவங்க சொல்லாமயே நம்பியிருப்பாங்களே” என்று தமிழ்ச்செல்வனிடம் மட்டும் ஒரே ஒரு முறை சொன்னார்.

ஆனால் கை பயந்துவிட்டது. முன்பெல்லாம் முனை தானாகச் சுற்றும். இப்போது ஒவ்வொரு துளைக்கும் மனசு ஒரு அடி முன்னால் ஓடிப்போய், இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டது. தேடுகிறவளே விரிசல் இருக்கக் கூடாது என்று நினைத்தால் பார்வை என்ன ஆகும்? அந்தக் கேள்வி பஸ்ஸில் கூட வந்தது. சோறு போடும்போது கூட வந்தது. சில நாள் ஒரே வரிசையை இரண்டு முறை பார்ப்பார். சில நாள் ஒருமுறை பார்த்ததே போதும் என்று வேகமாக நகர்ந்துவிட்டு, தூக்கம் வராமல் புரள்வார். எல்லாம் சேர்ந்து அவரைத் தளர்த்திவிட்டது. வேறு வேலை பார்க்கலாம் என்று தமிழ்ச்செல்வன் சொன்னபோது, “பாக்கலாமுங்க” என்றார். பார்க்கவில்லை.

இந்த வருடம், மழை தொடங்கும் நேரத்தில் அதே கம்பெனியின் இன்னொரு விமானம் வந்தது. அதற்கும் வயது ஆகிவிட்டது. சின்னச் சின்ன ஊர்களுக்கு நடுவே நாளெல்லாம் ஏறி இறங்கிய உடம்பு. மாற்றலாகிப் போனவர் இடத்தில் இப்போது முஜீப் என்ற இளைஞர். கரும்புக்கடை என்ற பகுதியைச் சேர்ந்தவர். சொந்த ஊரிலேயே வேலை என்று சந்தோஷமாக வந்தவர். வந்த முதல் நாளே பங்காரம்மாவைத் தேடி வந்து, “நீங்கதானாக்கா அவங்க?” என்றார்.

“எவங்க?”

முஜீப் நாக்கைக் கடித்துக்கொண்டார். “இல்லக்கா… ரொம்ப சீனியர்னு சொன்னாங்க.”

“வளையலக்கான்னு சொல்லியிருப்பாங்க. செரி கண்ணு, அதுக்கென்ன.”

விமானம் எந்தத் தேதியில் கிளம்ப வேண்டும் என்று ஏற்கெனவே முடிவாகி, டிக்கெட்டும் விற்றாகிவிட்டது. எல்லா வேலையும் நன்றாகவே போனது. பின்வாசலுக்கு மேலே இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ரிவெட் அடித்திருக்கும் வரிசைகள்தான் பாக்கி. ஒரு முற்பகல், சாரத்தின்மேல் நின்று பங்காரம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இருவர் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். செங்கோட்டையன் டீக் குடித்துக்கொண்டிருந்தார்.

மேலே முணுமுணுப்பு நின்றது.

சக்கரத்தருகே இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். செங்கோட்டையன் டம்ளரை வைத்தார். பங்காரம்மா முனையை எடுத்து, துணியால் துடைத்து, மறுபடி வைத்தார். புள்ளி எழுந்தது. ஆனால் முழுசாக எழவில்லை. இதற்கு மேல் போனால் விரிசல், கீழே இருந்தால் விட்டுவிடலாம் என்று ஒரு கோடு உண்டு. புள்ளி அந்தக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது. கீழே இருக்கிறது என்று சொன்னாலும் யாராலும் குறை சொல்ல முடியாது.

சாரத்திலிருந்து இறங்கினார். தண்ணீர் குடித்தார். மறுபடி ஏறினார். இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ஏறினார். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கையை மாற்றிப் பார்த்தார். வேறு பெட்டி வாங்கி வந்து பார்த்தார்.

முஜீப் சாரத்தின் படியில் ஏறி வந்து பாதியில் நின்றார். “அக்கா, இதையும் கீறல்ல கொண்டுபோய் விட்டுராதீங்கக்கா” என்றார். சிரித்தபடி சொல்லத்தான் நினைத்திருந்தார், சிரிப்பு வரவில்லை. “எனக்கு முன்னாடி இருந்தவரு எங்க இருக்காருன்னு தெரியுமில்ல? எங்கம்மா கால் ஆபரேஷன் பண்ணிப் படுத்திருக்குது. நான் ஊர விட்டுப் போக முடியாதுக்கா.”

“தெரியும் கண்ணு” என்றார் பங்காரம்மா. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

செங்கோட்டையன் மேலே ஏறி வந்து பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் அவரும் புள்ளியைப் பார்த்தார்.

“கோட்டுக்குக் கீழதானுங்க அம்மணி?”

“கீழன்னும் சொல்லலாமுங்க சார்.”

“மேலன்னும்?”

“சொல்லலாமுங்க.”

“அப்ப என்னங்றீங்க?”

கீழே சக்கரக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். வெளியே ஏதோ ஒரு விமானம் கிளம்பிப் போகிற இரைச்சல் கொட்டகைத் தகரத்தை அதிர வைத்துவிட்டு ஓய்ந்தது.

“கீழன்னு சொல்றதுக்கு எனக்கு வாயி வருது சார். கையி வரல்லீங்க” என்றார் பங்காரம்மா. “பிரிச்சுப் பாக்கோணும்.”

“போன தடவ மாதிரி ஆச்சுன்னா?”

“ஆச்சுன்னா ஆச்சுங்க. அப்பவும் நாந்தானுங்களே, எங்கீங்க போயிருவேன்.”

செங்கோட்டையன் தலையைச் சொறிந்தார். பிறகு கீழே குனிந்து, ரிவெட்டைத் துளைத்துக் கழற்றுகிற ஆட்களைக் கூப்பிடச் சொன்னார். முஜீப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வளையல் போட மறந்துவிட்டார் பங்காரம்மா. சூலூர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது தமிழ்ச்செல்வன் வெறுங்கையைப் பார்த்தார். “என்னாச்சு?” என்றார். “மறுக்காவும் ஒண்ணச் சொல்லிப்போட்டேன்” என்றார் இவர். அவர் தைலப் பாட்டிலை எடுத்து வந்தார். மகள் யுவஸ்ரீ புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவுக்குத் தட்டு வைத்தாள். பங்காரம்மா சோற்றைப் பிசைந்துகொண்டு வெகுநேரம் இருந்தாரே தவிர, நான்கு வாய்கூட உண்ணவில்லை.

மறுநாள் மதியம் மேல்தகட்டை நீக்கினார்கள். அடித்தகட்டில், துளையிலிருந்து ஒரு விரிசல். கண்ணாலேயே பார்க்க முடிந்தது. தலைமுடி ஒன்று ஒட்டியிருப்பதைப் போல. திரை காட்டியதைவிட நீளம். பக்கத்துத் துளையிலும் ஒன்று தொடங்கியிருந்தது. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்து நகர்ந்துகொண்டிருந்தன.

பாராட்டு என்று எதுவும் நடக்கவில்லை. போன வருடம் தப்பாகச் சொன்னபோது ஒரு சட்டம்தான் போயிற்று. இந்தத் தடவை சரியாகச் சொன்னதால் அந்த வரிசை முழுவதையும் பிரிக்க வேண்டியதாயிற்று. மறுபக்கத்து வரிசையையும் பிரிக்கச் சொன்னார்கள். கிளம்பும் தேதி போயே போய்விட்டது. மழைக்கு நடுவே தகடு வர வேண்டும், அனுமதி வர வேண்டும். முஜீப் கொட்டகைக்கு வெளியே நின்று யாரிடமோ கத்தினார், பிறகு கெஞ்சினார். விடுமுறை கேட்டிருந்த இரண்டு பேருக்கு விடுமுறை போயிற்று. “இந்தத் தடவ வளையலு நல்லா ஆழமா எறங்கிருச்சு போல” என்று ஒருவர் சொல்ல, நான்கு பேர் சிரித்தார்கள். பங்காரம்மாவும் சிரித்தார். உண்மையாகவே சிரிப்பு வந்தது.

செங்கோட்டையன் மட்டும் ஒரு மதியம், சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே, “இத உட்டிருந்தா அடுத்த செக்கிங் வரைக்கும் ஓடியிருக்குமுங்களா அம்மணி?” என்றார்.

“ஓடியிருந்தாலும் ஓடியிருக்குமுங்க.”

“இல்லாட்டி?”

பங்காரம்மா டிபன் பாக்ஸை மூடினார். “அதச் சொல்றதுக்கு ஆருங்க இருக்கப்போறாங்க” என்றார்.

அவர் அந்த விமானத்தில் ஏறப்போகிறவர்களைப் பார்த்ததில்லை. கொட்டகைக்கும் பயணிகள் கட்டடத்துக்கும் நடுவில் முழு ஓடுபாதை கிடக்கிறது. யார் யாரோ பெட்டியோடு ஏறுவார்கள், ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவார்கள், தூங்குவார்கள், இறங்கிப் போவார்கள். நடக்காமல் போன ஒன்றுக்கு யார் வந்து நன்றி சொல்வது? அதை அவர் எதிர்பார்த்ததும் இல்லை. ஆனால் தப்பாகப் போனபோது மட்டும் முகங்கள் இருந்தன. மாற்றலாகிப் போனவர் கும்பிட்ட கை இருந்தது. அதுதான் அவருக்கு ஆறவில்லை.

புதுத் தகடு வந்தது. ரிவெட் அடிக்கிற சத்தத்தில் கொட்டகை பல நாள் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தது. அடித்த ஒவ்வொன்றையும் பங்காரம்மா திரும்பவும் பார்த்தார். இரண்டு பக்கமும், எல்லா வரிசையும். கை பயந்ததா இல்லையா என்று நினைத்துப் பார்க்கவே நேரமில்லை. நடுவில் எங்கோ அது மறந்துபோயிருந்தது. கடைசித் துளையைப் பார்த்து முடித்தபோது மழை விட்டு, கொட்டகைக் கதவு வழியாக வெயில் உள்ளே வந்திருந்தது.

முஜீப் கையெழுத்து வாங்க வந்தார். கீழே தேடினார், சாரத்தில் தேடினார், இல்லை. பின்படி ஏறி விமானத்துக்குள் எட்டிப் பார்த்தார். இருக்கைகள் இன்னும் வந்து சேரவில்லை. வெறும் தரை நீளமாகக் கிடந்தது. ஜன்னல்கள் வழியே வெயில் வரிசையாக விழுந்திருந்தது. பின்வாசலை ஒட்டி, புதுத் தகடு போட்ட இடத்துக்குக் கீழே, பச்சை விலா எலும்பில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார் பங்காரம்மா. பாதுகாப்புக் காலணிகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். சாக்ஸில் கட்டைவிரல் பக்கம் கிழிந்திருந்தது.

“அக்கா…” என்றார் முஜீப். அதற்குள் கையிலிருந்த போன் அடித்தது. மேலிடம். அதைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. அந்த வெற்றுக்கூட்டுக்குள் அதன் சத்தம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய் மோதித் திரும்பியது. சில வாரங்களாக அவரும் சரியாகத் தூங்கவில்லை என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது.

பங்காரம்மா கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, பக்கத்துத் தரையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.